கும்பத்துக்குப் பக்கத்தில் ஒரு சிந்தசைசர்

நான் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் மேடை ஏறியிருக்கிறேன். ஏறினேன் என்றதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஏறினேன் என்று நினைத்துவிடாதீர்கள். முழங்காலில் தவழ்ந்து போனேன். நாற்பது பின்லாந்துக்காரர் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு சிந்தசைசருக்குக் கீழே, கையில் பஸ் ட்ரான்ஸ்ஃபர் துண்டுடன் குந்தியிருந்தேன். விதியைக் குறை சொல்ல வழியில்லை. எல்லாம் என் வாயால் வந்தது.

எண்பத்து நாலில் ரொறொன்ரோவுக்கு வந்தேன். அடுத்த வருடம் ஸ்காபரோவில் ஒரு மெத்தைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. எனக்கு எதிர் மேசையில் ஒரு பின்லாந்துக்காரன் நின்றான். ஆறடி நாலங்குலம். வீட்டில் அவனைப் பற்றிப் பேசும்போது நெட்டையன் என்பேன். அவன் தன் வீட்டில் என்னை என்ன சொன்னானோ, நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதே மரியாதை.

மெத்தைக்குள் போகும் ஸ்பிரிங்குகளைச் சரிபார்ப்பது எங்கள் வேலை. நான் கையால் அமத்திப் பார்ப்பேன். அவன் கையிலிருக்கும் இரும்புக் குறட்டால் ஒரு தட்டுத் தட்டி, காதுக்குக் கிட்டே பிடித்துக் கேட்பான். சத்தம் பிடிக்காததை ஒதுக்கி வைப்பான். நான் நல்லது என்று விட்டதையும் சில வேளை எடுத்துத் தட்டிப் பார்த்து, ஒன்றும் பேசாமல் ஒதுக்குவான். மூன்று மாதத்தில் அவன் என்னோடு பேசியது மொத்தம் ஒரு கைப்பிடி சொற்கள். அதில் பாதி ‘குட் மோர்னிங்’. பிறகு ஒருநாள், சாப்பாட்டு நேரத்தில், என்னைப் பார்த்து முழுசாக ஒரு கேள்வி கேட்டான்.

“உன்னிடம் வான் இருக்கிறதா?”

இருந்தது. கறள் பிடித்து, தரையில் ஒரு ஓட்டை விழுந்து, அதனூடாக வீதியைப் பார்க்கக்கூடிய வான். இப்படித்தான் நான் ஒரு பின்லாந்து இசைக்குழுவில் சேர்ந்தேன். வாத்தியங்களை ஏற்றி வான் ஓடுவதும் வயர் சுருட்டுவதும் என் பதவி.

குழுவில் மூன்று பேர். மூவரும் நெட்டையனின் பேஸ்மென்டில் ஒரே மாதிரியான சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, ஆளுக்கொரு சிந்தசைசருக்கு, அந்தக் கரண்டு ஆர்மோனியத்துக்கு, பின்னால் பாஸ்போர்ட் படத்துக்கு நிற்பதுபோல நிற்பார்கள். சிரிக்க மாட்டார்கள், ஆட மாட்டார்கள், கண்ணைக்கூட அடிக்கடி மூட மாட்டார்கள். ஆனால் அந்தப் பெட்டிகளிலிருந்து வரும் சத்தம் இருக்கிறதே! வாளிக்குள் தவளை, ரயிலுக்கு மூக்கடைத்த தடிமன், உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்குக் காதல் தோல்வி. அதற்கு மேலே நெட்டையன் தன் மொழியில், சாமான் வாங்கும் பட்டியலை வாசிக்கிற குரலில், பாடுவான்.

அவனுடைய இங்கிலீஷையும் என்னுடைய இங்கிலீஷையும் கூட்டினால்தான் ஒரு முழு வசனம் வரும். தமிழில் எழுதினால் ஏறக்குறைய இப்படி இருக்கும்.

“இது என்ன பாட்டு?”

“ஒரு மனிதன் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறான்.”

“பிறகு?”

“பஸ் வரவில்லை.”

“பிறகு?”

“அவன் நிற்கிறான்.”

ஆறு நிமிடப் பாட்டு அது. நான் முதல் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவர்கள் மூவரும் சிரிக்காமல் என்னைப் பார்த்தார்கள். அந்த மாசி மாதம் என் வானும் படுத்துவிட்டது. விடியப்புறம் மார்க்கம் ரோட்டில், மூக்கு என்னுடையதா இரவல் மூக்கா என்று தெரியாத குளிரில், நாற்பது நிமிடம் நின்றேன். பஸ் வரவில்லை. நின்றேன். அப்போது காலுக்குள்ளிருந்து அந்தப் பாட்டின் தாளம் தானாக வந்தது. டுப், டுப், ஒரு இடைவெளி, டுப். கனடாவுக்கு வந்து எனக்கு முழுசாக விளங்கிய முதல் பாட்டு அதுதான். அதுவும் ஒரு சொல்கூடத் தெரியாத மொழியில்.

அந்த நாளில் நான் வோபர்னில் ஒரு அப்பாட்மென்டில் என் பெரியம்மாவின் மகளுடன் இருந்தேன். அக்காவும் அத்தானும் அறையில்; நான் ஹோலில் சோபாவில். ஹோல் சுவரில் இரண்டு மணிக்கூடுகள் தொங்கின. ஒன்று ரொறொன்ரோ நேரம். அது அத்தானுக்கும் எனக்கும் வேலைக்குப் போக. மற்றது ஊர் நேரம், யாழ்ப்பாணத்து நேரம், அது அக்காவுக்கு. “இப்ப அம்மா சந்தைக்கு வெளிக்கிட்டிருப்பா”, “இப்ப அம்மா படுத்திருப்பா” என்று அந்த மணிக்கூட்டைப் பார்த்தே அக்கா நாளை ஓட்டினா. பெரியம்மாவின் கடிதம் வருவதென்றால் மாதக் கணக்காகும். மணிக்கூடு உடனுக்குடன் சொல்லும்.

எண்பத்தாறு ஐப்பசியில் நெட்டையனின் பேஸ்மென்டில் தண்ணீர்க் குழாய் வெடித்தது. சனிக்கிழமை குழுவுக்கு மேடை நிகழ்ச்சி. அவனுடைய சிந்தசைசர்தான் மூன்றிலும் பெரியது. அந்தப் பஸ் பாட்டின் சத்தம் அதில் மட்டும்தான் வரும். சனிக்கிழமை வரைக்கும் என் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னான். செவ்வாய்க்கிழமை நானும் அவனும் அதை எலிவேற்றரில் ஏற்றிக் கொண்டுவந்து வைத்தோம். அவன் போனதும் அக்கா வந்து இடுப்பில் கை வைத்தா.

“உதென்னடா, பிரேதப் பெட்டி மாதிரி?”

“வாத்தியம் அக்கா.”

“ஆர் வாசிக்கிறது?”

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் வானோட்டி என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

“நான்தான். பழகிறன்.”

அக்காவின் முகம் மலர்ந்தது. நான் சாப்பிடுவதைத் தவிர வேறெதிலும் முயற்சி எடுத்து அவ கண்டதில்லை. அன்றைக்கே பெரியம்மாவுக்கு நீல ஏர்மெயில் கடிதம் எழுதினா: தம்பி சங்கீதம் பழகிறான். என் பொய் முத்திரை ஒட்டப்பட்டு யாழ்ப்பாணத்துக்குப் போனது.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தேன். சாம்பிராணி மணத்தது. ஹோல் மூலையில் வெள்ளைத் துணி விரித்து, கலண்டரில் வெட்டிய சரஸ்வதி படம், அதன் முன்னால் கும்பம். மாவிலைக்குப் பதிலாகக் கீழே நின்ற மரத்திலிருந்து அத்தான் பறித்துவந்த சிவப்பு மேப்பிள் இலை. கும்பத்துக்குப் பக்கத்தில் இங்கிலீஷ் அகராதி, என் கார் லைசன்ஸ் புத்தகம், அத்தானின் அகதி வழக்கு பைல். எல்லாவற்றுக்கும் மேலே, பெட்டியைத் திறந்து, முழு நீளத்துக்கும், நெட்டையனின் சிந்தசைசர். ஒவ்வொரு வெள்ளைக் கட்டைக்கும் சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். நடுவில் செவ்வந்தி மாலை.

சரஸ்வதி பூசைக்கு வைத்த புத்தகத்தையும் வாத்தியத்தையும் விஜயதசமி வரைக்கும் தொடக்கூடாது. இது எனக்குத் தெரியும். சின்ன வயதில் எனக்குப் பிடித்த ஒரே விரதம் அதுதான், படிக்கத் தேவையில்லை. அந்த வருடம் விஜயதசமி ஞாயிற்றுக்கிழமை. நிகழ்ச்சி சனிக்கிழமை மாலை ஏழரைக்கு.

“அக்கா, இது நாளைக்கு வேணும்.”

“ஞாயிறு காலமை எடு. நீயே முதல் வாசி. நான் கேக்கத்தானே போறன்.”

உண்மையைச் சொன்னேன். வாசிப்பவன் நெட்டையன், நான் வெறும் வானோட்டி என்று. அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தா.

“அம்மாவுக்கு எழுதிப்போட்டன், பேயா.”

“ஓம் அக்கா.”

“ஆரின்ரை எண்டாலும் வாத்தியம் வாத்தியம்தான். வைச்சாச்சு.”

நான் விடவில்லை. இது வாத்தியமில்லை, கரண்டில் ஓடுகிற மெஷின் என்றேன். “மெஷினெண்டா ஆயுத பூசை. அதுவும் இப்பதான்” என்றா. சொந்தக்காரன் கிறிஸ்தவன், லூதரன், இது செல்லாது என்றேன். “சரஸ்வதி அவனிட்டை ஞானஸ்நானச் சேட்டிபிக்கேற் கேட்டவவோ?” என்றா. கடைசியில் அத்தானின் காலில் விழுந்தேன். அத்தான் ஊரில் நில அளவையாளர்; இங்கே ஹோட்டலில் கோப்பை கழுவினார்; அளந்துதான் பேசுவார்.

“தம்பி, என்ர பைல் அதுக்குக் கீழ இருக்குது. நீ அதை அசைச்சா என்ர கேஸ் அசையும். நான் இதுக்குள்ள வரேல்லை.”

வேறு வழியில்லாமல் நெட்டையனுக்கு போன் எடுத்தேன். எங்கள் வழக்கத்தை என் இங்கிலீஷில் விளக்கி முடிக்கப் பத்து நிமிடம் பிடித்தது.

“அது நலமா?” என்று கேட்டான்.

“பூப் போட்டிருக்கிறது.”

“என் அம்மா வருகிறாள்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

அவனுடைய அம்மாவைப் பற்றி எனக்குத் தெரியும். வடக்கே தண்டர் பே என்ற ஊரில், அவர்களுடைய தேவாலயத்தில், நாற்பது வருடமாக ஓர்கன் வாசிப்பவ. மகன் இந்தப் பெட்டியை வாங்கிய அன்று, இது வாத்தியமில்லை, வீட்டுச் சாமான் என்று சொன்னாவாம். அவன் கோபத்தில் ரொறொன்ரோவுக்கு வந்துவிட்டான். ஏழு வருடமாக அவ அதை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. தாங்ஸ்கிவிங் விடுமுறைக்கு ஒரு நாள் முழுக்க பஸ்ஸில் இருந்து வருகிறா, கேட்க. இதை அவன் எனக்குச் சொன்னது ஸ்பிரிங் தட்டுகிற இடைவெளிகளில், ஆறு வாரத்தில், துண்டு துண்டாக. அந்தப் பஸ் பாட்டு இல்லாமல் அவன் அவ முன்னால் நிற்கவே போவதில்லை. நான் ஒரு பொய் சொன்னதால் ஒரு தாய்க்கும் மகனுக்கும் நடுவில் சரஸ்வதியை இருத்திவிட்டேன்.

சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு நெட்டையன் வந்தான். சப்பாத்தைக் கழற்றினான், ஒரு காலுறையில் பெருவிரல் வெளியே தெரிந்தது. சாம்பல் சட்டையோடு சோபாவில் இருந்தான். முழங்கால் நாடியைத் தொட்டது. அலங்காரம் பண்ணிய தன் சிந்தசைசரைப் பார்த்தான். கேட்கவில்லை, கெஞ்சவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு ஆள் கத்தினால் அக்கா திருப்பிக் கத்துவா. சும்மா இருக்கிறவனோடு என்ன செய்வது? தேத்தண்ணி கொடுத்தா. குடித்தான். அவல் கொடுத்தா. சாப்பிட்டான். திரும்பவும் பார்த்தான்.

“என்னடா, கோயில் வாசல்ல நந்தி இருக்கிற மாதிரி இருக்கிறான்” என்றா அக்கா என் காதுக்குள். “ஏன் இவ்வளவு அவசரம்? இண்டைக்கு இல்லாட்டி இன்னொரு நாள் வாசிக்கட்டுமன்.”

“அவன்ர அம்மா வந்திருக்கிறா அக்கா. ஏழு வருசத்துக்குப் பிறகு. திங்கள் திரும்பிப் போறா.”

“இதை ஏன்ரா நேற்றே சொல்லேல்லை?”

உண்மைதான். மெஷின், லூதரன் என்று சட்டத்தரணிபோலக் கதைத்தவன் அதை மட்டும் சொல்லவில்லை.

அக்கா குசினிக்குள் போனா. திரும்பி வந்தா. கும்பத்தைப் பார்த்தா. “வைச்சதை நான் என்னெண்டு எடுக்கிறது? பிழையெல்லே?” என்று தனக்குத்தானே சொன்னா. நேரம் ஆறேகால். இங்கிருந்து மண்டபத்துக்கு முப்பத்தைந்து நிமிடம், அதுவும் என் வான் மனம் வைத்தால். நான் ரொறொன்ரோ மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா பழக்கப்படி மற்றதைப் பார்த்தா. அப்படியே நின்றா.

“அங்க என்ன நேரம்?” என்று அத்தானைக் கேட்டா, கண் முன்னால் நேரம் இருக்க.

“மூண்டே முக்கால். விடியப்புறம்.”

“என்ன கிழமை?”

அத்தான் விரல் மடித்தார். அளவையாளர் அல்லவா, இரண்டு தடவை மடித்தார். “அங்க ஞாயிறு.”

“விஜயதசமிக்கு அம்மா நாலு மணிக்கு எழும்புவா. குளிச்சு, விளக்குக் கொளுத்தி, நாங்கள் எழும்ப முந்திப் புத்தகத்தை எடுத்து வைச்சிருப்பா.”

நான் முதல் நாள் மாலையிலிருந்து தலையை உடைத்துத் தேடிய வழி, அவ்வளவு நேரமும் என் தலைக்கு மேலே டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

நாலு மணிக்குப் பதினைந்து நிமிடம் காத்திருந்தோம். அக்கா ஒரு நிமிடமும் குறைக்கவில்லை. முள்ளு நாலைத் தொட்டதும் விளக்கைத் தூண்டி, கற்பூரம் காட்டி, நெட்டையனைக் கூப்பிட்டா.

“தம்பி, அவனுக்குச் சொல்லு. முதல் இஞ்சதான் வாசிக்க வேணும். சாமிக்கு முன்னால. பிறகு எங்கையெண்டாலும் கொண்டு போகட்டும்.”

சொன்னேன். நெட்டையன் காலுறையோடு போய் நின்று, பிளக்கைச் சொருகி, சந்தனப் பொட்டுக்கு மேலேயே விரலை வைத்து, கீழ்ப்பக்கத்தில் ஒரு கட்டையை அமத்தினான். ஹோல் முழுக்க ஒரு தடித்த சத்தம் எழுந்தது.

“ஃபிரிட்ஜ் இரையிற மாதிரிக் கிடக்கு” என்றார் அத்தான்.

“சும்மா இருங்கோ. உது சுருதி” என்றா அக்கா. கண்ணை மூடி, வழக்கமாகப் பாடுகிற தேவாரத்தில் ஒன்றைப் பாடத் தொடங்கினா. நெட்டையன் தலையைச் சரித்து, ஸ்பிரிங் கேட்கிற மாதிரிக் கேட்டான். விரலைப் பக்கத்துக் கட்டைக்கு மாற்றினான். அக்காவின் குரலும் அந்தச் சத்தமும் ஒன்றாய்ப் பொருந்தின. பாடி முடிந்து அவன் விரலை எடுத்தான். சத்தம் நிற்கவில்லை. சந்தனம் உள்ளே இறங்கி அந்தக் கட்டை ஒட்டிப்பிடித்துவிட்டது.

என் வானில் போகும்போது பேனாக்கத்தியால் சுரண்டிப் பார்த்தான். கட்டை மேலே வந்தது, திரும்ப ஒட்டியது. மண்டபத்தில் எங்களுக்காக மற்ற இருவரும் வாசலில், பாஸ்போர்ட் முகத்தோடு நின்றார்கள். சந்தனமும் குங்குமமுமாய் இறங்கிய சிந்தசைசரைக் கண்டும் அந்த முகம் மாறவில்லை. துடைக்க நேரமில்லை. முன் வரிசையில் கோட்டைக் கழற்றாமல், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கிழவி. நெட்டையனின் அதே நீண்ட நாடி.

முதல் மூன்று பாட்டும் தப்பின. பஸ் பாட்டில் அந்தக் கட்டையை அமத்தியே ஆகவேண்டும். அமத்தினான், ஒட்டியது. அவன் என்னைப் பார்த்தான். நான் ஓரத்தில் வயரோடு நின்றவன், முழங்காலில் தவழ்ந்து மேடைக்குப் போனேன். பொக்கற்றில் இருந்தது, காலமை வான் மனம் வைக்காமல் பஸ்ஸில் போனபோது பஸ் மாறி ஏற வாங்கிய ட்ரான்ஸ்ஃபர் துண்டு ஒன்றுதான். அதை மடித்துக் கட்டைகளுக்கு இடையில் விட்டு நெம்பினேன். எழும்பியது. அவன் திரும்ப அமத்தினான். திரும்ப நெம்பினேன். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற பாட்டுக்கு நடுவில் ஒருவன் பஸ் துண்டோடு குந்தியிருப்பதைப் பார்த்துச் சபை இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. பின்லாந்துக்காரர் மிகவும் ரசித்தால் அப்படித்தான் இருப்பார்கள் என்று பிறகு அறிந்தேன்.

நாலாவது தடவை நெம்பப் போக, நெட்டையன் நாடியால் ‘விடு’ என்று காட்டினான். விட்டேன். அந்தச் சத்தம் அடியில் கிடந்து இரைந்தது. மற்றதெல்லாம் அதற்கு மேலே நடந்தது. எனக்கு இனி வேலையில்லை. எழும்பிப் போகவும் துணிவில்லை. மிச்சப் பாட்டு முழுவதும் வெறுமனே குந்தியிருந்தேன். பஸ் வரவில்லை.

முடிந்ததும் கிழவி மேடைக்கு வந்தா. விரலால் ஒரு சந்தனப் பொட்டைத் தொட்டு, மணந்து பார்த்து, மகனிடம் ஏதோ கேட்டா. அவன் ஒரு நீளமான பதில் சொன்னான். அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதேயில்லை. அவவும் ஏதோ சொன்னா.

“என்ன கேட்டா?” என்றேன்.

“இது என்ன என்று. தேவாலயத்துக்குப் போய்வந்தது என்று சொன்னேன்.”

“அதுக்கு என்ன சொன்னா?”

“நீ போவதில்லை, அதுவாவது போகிறதே என்று.”

பிறகு கிழவி அந்த ஒட்டிய கட்டையைக் காட்டி, காலால் நிலத்தை அமத்திக்கொண்டு ஏதோ விளக்கினா. ஓர்கனில் காலால் அமத்திப் பிடித்திருக்கும் அடிச் சத்தம் இதுதானாம். பாட்டில் அது ஒன்றுதான் சரியாம். மற்றவற்றைத் திருத்தலாமாம். நெட்டையன் இதை எனக்கு மொழிபெயர்த்தபோது அவனுடைய பாஸ்போர்ட் முகத்தில் ஒரு ஓரம் கொஞ்சம் கழன்றது. அக்கா கட்டித் தந்த அவல் பொட்டலத்தை நான் கிழவியிடம் நீட்டினேன். அவ கைப்பையைத் திறந்து, கவனமாக உள்ளே வைத்தா.

அவன் அந்தக் கட்டையைத் திருத்தவே இல்லை. அந்த வருடக் கடைசியில் அவர்கள் பதிந்த கசெற்றில் பஸ் பாட்டு முழுக்க அடியில் அது இரைகிறது. அடுத்த புரட்டாதியில் தொழிற்சாலையில் குறட்டைக் கீழே வைத்துவிட்டு அவனாகவே கேட்டான்: “உங்கள் பண்டிகை எப்போது? அது போகவேண்டும்.” மேலும் இரண்டு வருடம் அந்தச் சிந்தசைசர் கும்பத்துக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டாம் வருடம் அத்தானின் பைல் அங்கே இல்லை, கேஸில் வென்றுவிட்டார். அதற்கு யார் காரணம் என்று எங்கள் வீட்டில் இன்னும் ஒரு முடிவில்லை. எண்பத்தெட்டுக் கடைசியில் தன் அம்மாவுக்கு உடம்பு இயலவில்லை என்று நெட்டையன் தண்டர் பேய்க்குத் திரும்பிப் போனான். குழு அதோடு சரி. மற்ற இருவரும் அதைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

கசெற் மட்டும் என்னிடம். இப்போது அதைப் போட ஒரு பிளேயரும் வீட்டில் இருக்கிறது, கேட்க நேரமும் இருக்கிறது. கேட்பதில்லை. அக்கா மட்டும் ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் மறக்காமல் வந்து அதை வாங்கிக்கொண்டு போய், சந்தனம் வைத்து, கும்பத்துக்குப் பக்கத்தில் வைப்பா. விஜயதசமி வரைக்கும் தொடக்கூடாது. வருடம் முழுக்க அது என் மேசை லாச்சிக்குள் சும்மா கிடக்கும். தொடக்கூடாத அந்த நாட்களில்தான் எனக்கு அதைக் கேட்காமல் இருக்க முடியாது. அக்கா வீட்டுச் சோபாவில் இருந்து ஊர் மணிக்கூட்டைப் பார்த்தபடி, எப்போது அங்கே நாலு மணியாகும் என்று காத்திருப்பேன்.